நார்க்கழிவு நாற்றும் அதன் ஊட்டமும்

மண்ணிற் பிறந்த செடிக்கு மண்ணே தாய். தென்னை நார்க்கழிவிற் பிறந்த செடிக்கோ தாயென்று ஒருத்தி இல்லை. செவிலி மட்டுமே உண்டு. அச்செவிலி, அதனை வளர்க்கப் புகுந்த மனிதனேயாவன். இவ்வேறுபாடு சிறிதெனத் தோன்றலாம். ஆயினும் இதனை உணராமையாலேயே நம் நாட்டில் ஆண்டுதோறும் எண்ணிறந்த இளநாற்றுக்கள் முளைத்த இரண்டாம் வாரத்தில் வெளிறி, மூன்றாம் வாரத்தில் வளர்ச்சி குன்றி நின்று, நான்காம் வாரத்திற் குப்பைக்குழியைச் சேர்கின்றன. வளர்த்தவர் விதையை நோவர். விற்ற கடைக்காரரை நோவர். சிலர் தம் கையிராசியையே நோவர். உண்மையில் அந்நாற்றுக்களிற் பெரும்பாலன பட்டினியால் மாண்டவை. நாள் தவறாது நீர் பெற்றும் பட்டினியால் மாண்டன என்பதே நாம் சிந்திக்கற்பாலது.

நார்க்கழிவில் நாற்று வளர்ப்பார்க்கு நீரூற்றுதலும் ஊட்டமளித்தலும் இரு வேறு வேலைகளல்ல, ஒரே வேலை என்பதும், அவ்வேலையைக் கற்பியாது நார்க்கழிவையும் விதையையும் மட்டும் பிறர் கையிற் கொடுப்பது அரைக் கொடையே என்பதும் எமது கருத்து. அதற்குரிய காரணங்களை ஈண்டு ஒருவாறு எடுத்துரைப்பாம்.

தேங்காய் மட்டையிலிருந்து நாரைப் பிரிக்குங்கால், நார்களுக்கிடையே கிடந்து உதிரும் பஞ்சு போன்ற தூளே நார்க்கழிவு எனப்படுவது. கதம்பையென்று குமரி மாவட்டத்தார் வழங்கும் அம்மட்டையில் நாரைக்காட்டிலும் இத்தூளே எடையில் மிகுதி. இலங்கைத் தமிழர் நாரைத் தும்பென்றும் இதனைத் தும்புத்தூளென்றும் கூறுவர். அழுத்திக் கட்டியாக்கிக் கடைகளில் விற்கும்போது இதற்குக் கோகோபீட் என்று பெயர். முன்னாளில் இஃது எவர்க்கும் வேண்டாப் பொருளாய், நார் ஆலைகளைச் சூழ மலைமலையாய்க் குவிந்து, மழைக்காலத்திற் செந்நீராய்க் கசிந்து, அயலிலுள்ள கிணறுகளைக் கெடுத்துக் கிடந்தது. விக்டோரியா அரசியார் காலத்திலேயே இங்கிலாந்துத் தோட்டக்காரர் சிலர் இதனை இட்டுப் பார்த்ததுண்டு. எனினும் அப்பழக்கம் நிலைக்கவில்லை. சென்ற நூற்றாண்டின் இறுதியில், பீட் என்னும் சதுப்பு நிலப் பாசிமக்கைத் தோண்டித் தோண்டித் தம் நாட்டுச் சதுப்பு நிலங்கள் அழிவதைக் கண்ட ஐரோப்பியர் மீண்டும் இதனை நாடினர். அதன்பின்னரே நாமும் இதன் பெருமையை உணர்ந்தோம். இன்று இந்தியாவிலிருந்து கப்பலேறும் கயிற்றுத்தொழிற் பண்டங்களுள் நார்க்கழிவே முதன்மை பெற்று நிற்கின்றது. பொள்ளாச்சியைச் சூழ்ந்த ஊர்களில் இதனை உலர்த்தும் களங்களைக் கண்டோர் இதன் வாணிகப் பரப்பை ஒருவாறு உணர்வர்.

ஈண்டு ஒன்று கூறாமற் செல்லுதல் இயலாது. அயல்நாட்டார் இதனை வாங்குங்கால் உப்பின் அளவைக் கருவி கொண்டு அளந்தே வாங்குகின்றனர். மின்கடத்துதிறன் 0.5 மில்லிசீமென்சுக்கு மேற்படாத, நன்கு கழுவிய சரக்கே அவர்க்கு வேண்டும். நம் ஊர்க் கடையில் வாங்குவாரோ கட்டி பெரிதா, விலை குறைவா என்பதன்றிப் பிறிதொன்றும் வினவுவதில்லை. ஆதலின் கழுவாத சரக்கு நம்மிடத்தே தங்கிவிடுகின்றது. நம் தென்னந்தோப்பில் விளைந்த பொருளைப் பயன்படுத்தும் முறையை நம்மினும் பிறர் நன்கறிந்திருத்தல் நமக்குப் பெருமையன்று.

நார்க்கழிவின் நற்குணங்களை மறுப்பாரில்லை. உலர்ந்த 5 கிலோ கட்டியொன்று ஏறத்தாழ 25 லிட்டர் நீரைக் குடித்து, 60 முதல் 75 லிட்டர் அளவுள்ள பொலபொலப்பான பொருளாய் விரிகின்றது. அவ்வளவு நீரைத் தாங்கியும் இடையிடையே காற்றுக்கு இடம் விடுவதே இதன் சிறப்பு. வேர் நீரை மட்டுமன்றிக் காற்றையும் வேண்டுவது. களிமண் நீரைத் தாங்கும், காற்றை அடைக்கும். ஆற்றுமணல் காற்றை விடும், நீரை இழக்கும். நார்க்கழிவோ இரண்டினையும் ஒருங்கே தருவது. களைவித்துக்கள் இதனுள் அரியன. எடையும் குறைவாதலின் தட்டுத்தட்டாய் ஏந்திச் செல்லலாம். இக்காரணங்களாலேதான் தக்காளி, கத்தரி, மிளகாய் முதலியவற்றின் நாற்றை மேட்டுப்பாத்தியில் விடுதலைக் கைவிட்டு, 98 குழிகளையுடைய தட்டுக்களில் விடும் வழக்கம் நம் நாட்டிற் பரவிவிட்டது.

ஆனால் இவையெல்லாம் வீட்டின் குணங்களேயன்றி உணவின் குணங்களல்ல. காற்றோட்டமும் தண்ணீர் வசதியும் நிறைந்த வீட்டில் அடுக்களை வெறுமையாயிருந்தால் குடியிருப்போர் எத்தனை நாள் பிழைப்பர்? மட்காத நார்க்கழிவிற் கரிச்சத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் 100-க்கு 1 என்பதினும் மிக்கது. நன்கு மட்கிய எருவில் அது 20-க்கு 1 என்னும் அளவினை ஒட்டி நிற்கும். இவ்விகிதம் காட்டுவது யாதெனின், தழைச்சத்து இதிற் பெயரளவிலேயே உண்டு என்பதும், இதனை மட்கச்செய்ய முயலும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய தழைச்சத்தை வெளியினின்று தேடும் என்பதுமாம். நாற்றுக்கென்று நாம் சிறிது இட்டாலும் அந்நுண்ணுயிர்களே முதற்பந்தியில் அமர்ந்து உண்டுவிடுகின்றன. நாற்றுக்கு மிச்சமே கிட்டுகின்றது. மணிச்சத்தும் இதில் மிகக் குறைவு.

சாம்பற்சத்து மட்டும் இதில் நிரம்ப உண்டு. தென்னை அச்சத்தை மண்ணிலிருந்து வாரி வாரிக் காயிற் சேர்க்கும் மரமன்றோ? ஆனால் அது தனித்து வருவதன்று. சோடியத்தையும் குளோரைடையும் உடன்கொண்டே வருவது. கடலையடுத்த காயல்களில் ஊறவைத்த மட்டையாயின் உப்பைப்பற்றிக் கேட்கவேண்டுவதில்லை. இவ்வுப்பின் செயலை ஓர் உவமையால் விளக்கலாம். நார்க்கழிவின் ஒவ்வொரு துகளையும் பல திண்ணைகளையுடைய சத்திரமென்று கொள்க. அத்திண்ணைகளிலெல்லாம் பொட்டாசியமும் சோடியமுமாகிய வழிப்போக்கர் முன்னரே இடம்பிடித்து அமர்ந்திருக்கின்றனர். நாம் நாற்றுக்கென அனுப்பும் கால்சியமும் மக்னீசியமும் அங்கு வந்தவுடன், அவற்றின் பற்று வலியதாதலின், பழைய வழிப்போக்கரை எழுப்பிவிட்டுத் தாம் அமர்ந்துகொள்கின்றன. எழுப்பப்பட்ட சோடியம் நீரோடு கலந்து வேரைச் சூழ்கின்றது; அமர்ந்த கால்சியமோ வேருக்கு எளிதில் அகப்படுவதில்லை. ஆகவே வளர்ப்பவர் கால்சியம் கொடுத்தேனென்பார். நாற்றின் இளங்கொழுந்தோ கால்சியமின்றிச் சுருங்கிக் கருகி நிற்கும். இருவர் கூற்றும் மெய்யே.

இதற்கு மருந்து, விதைப்பதற்கு முன்பே திண்ணைகளைக் காலிசெய்து கால்சியத்தைக் குடியேற்றிவிடுதல். கட்டியை நீரில் ஊறவைத்து, வடித்து, மீண்டும் நல்ல நீரூற்றி வடித்து, இவ்வாறு இரண்டு மூன்று முறை கழுவியபின், 5 கிலோ கட்டிக்கு ஏறத்தாழ 100 கிராம் கால்சியம் நைட்ரேட்டை 25 லிட்டர் நீரிற் கரைத்து ஊற்றி ஓரிரவு வைத்து, மறுநாள் வடித்து, வெறுநீரால் ஒருமுறை அலசிவிடுதல் வேண்டும். இவ்வளவும் ஓர் இரவும் ஒரு பகலும் கொள்ளும் வேலை. பொறுமையில்லாதார் இதனைச் செய்யாது விடுவர். அவர்க்கு யாம் கூறுவது, கழுவிப் பதப்படுத்திய சரக்கைக் கேட்டு வாங்குக என்பதே.

இனி ஊட்டத்திற்கு வருவாம். நாற்றுக்கு எப்பொழுது உணவூட்டத் தொடங்குவது? முளைத்தவுடன் வேண்டுவதில்லை. விதை தன் குழந்தைக்குச் சில நாளைக்குப் போதுமான கட்டுச்சோற்றைத் தானே கட்டிக் கொடுத்தனுப்புகின்றது. தக்காளியிலும் கத்தரியிலும் முதலில் விரியும் இரு வித்திலைகளும் அச்சோற்றின் துணையால் எழுபவை. அவற்றினிடையே உண்மையிலை தலைகாட்டும்போது கட்டுச்சோறு தீர்ந்தது என்று அறிதல் வேண்டும். மண்ணிலாயின் அந்நேரத்திற்குள் வேர் மண்ணின் சேமிப்பைச் சென்று தொட்டுவிடும். நார்க்கழிவில் வேர் எத்துணை விரைந்தோடினும் தொடுவதற்கு ஒன்றுமில்லை. விதைக்கிறவன் உவமையிற் கற்பாறை நிலத்தில் விழுந்த விதை, மண் ஆழமில்லாமையால் விரைவில் முளைத்து விரைவில் உலர்ந்ததாக நம் கல்லூரி மாணவர் பலமுறை கேட்டிருப்பர். நார்க்கழிவு நாற்றும் விரைவில் முளைப்பது. முதல் வாரத்தில் அதன் செழுமையைக் கண்டு மகிழாதாரில்லை. அம்மகிழ்ச்சியே வளர்ப்பவரை ஏமாற்றுவது.

இளநாற்றுக்கு உரமிட்டால் கருகிவிடும் என்று அஞ்சுவோர் உளர். அவ்வச்சம் அளவைப்பற்றியதாயின் முற்றும் நியாயமானதே. ஒரு சிட்டிகை யூரியாவைக் குழியில் இட்டு நாற்றைக் கொன்றவர் நம்மிற் சிலரல்லர். ஆனால் பால்மறக்கும் பிள்ளைக்கு எவரும் தலைவாழை இலையிட்டு விருந்து படைப்பதில்லை. அது செரியாதென அஞ்சிச் சோறே ஊட்டாது விடுவாருமில்லை. குழைந்த சோற்றை விரல்நுனியில் எடுத்து ஊட்டுகின்றனர். நாற்றுக்கும் அம்முறையே தகும்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் குழித்தட்டு நாற்றங்காலுக்கு வகுத்துள்ள முறை பலரும் அறிந்ததே. 300 கிலோ நார்க்கழிவுக்கு 5 கிலோ வேப்பம்பிண்ணாக்கும், அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா என்னும் நுண்ணுயிர் உரங்கள் வகைக்கு 1 கிலோவும் கலந்து தட்டுக்களை நிரப்புதல். விதைத்த 18-ஆம் நாளில் 19:19:19 என்னும் கரையும் உரத்தை 0.5 விழுக்காட்டுக் கரைசலாக, அதாவது லிட்டருக்கு 5 கிராம் வீதம் ஊற்றுதல். இம்முறையிற் குறைகாண யாம் முன்வரவில்லை. ஆனால் மக்கள் இதன் தலையை விட்டு வாலை மட்டும் பற்றிக்கொள்கின்றனர். பிண்ணாக்கும் இல்லை, நுண்ணுயிர் உரமும் இல்லை. வெறும் நார்க்கழிவில் விதைத்துவிட்டு, 18 நாள் கழியட்டும் என்று காத்திருக்கின்றனர். பிண்ணாக்கிலிருந்து சிறிதுசிறிதாய்க் கிடைக்கவேண்டிய தழைச்சத்தை நம்பி வகுத்த 18 நாள், வெறும் நார்க்கழிவில் நோன்பாய் முடிகின்றது. நோன்பின் இறுதியில் ஒரே நாளில் 5 கிராம் வலிமையுள்ள கரைசலை ஊற்றுவது, பட்டினி கிடந்தவனுக்கு நெய்ச்சோறு இட்டதை ஒக்கும்.

வெறும் நார்க்கழிவில் வளர்ப்பார்க்கு எமது யோசனை இது. முதல் உண்மையிலை விரியத் தொடங்கிய நாள்முதல், லிட்டருக்கு அரைக் கிராம் வீதம் அதே 19:19:19 உரத்தைக் கரைத்து நீருக்கு மாறாக ஊற்றுக. இரண்டாம் இலை விரிந்தபின் 1 கிராமாக உயர்த்துக. நாற்றுப் பருவம் முடியும்வரை அதற்குமேற் செல்லவேண்டுவது அரிது. இவ்வுரத்திற் கால்சியம் இல்லையென்பதை மறத்தலாகாது. ஆகவே மூன்று முறைக்கு ஒருமுறை, அதற்குப் பதிலாகக் கால்சியம் நைட்ரேட்டை அரைக் கிராம் முதல் 1 கிராம் வரை கரைத்து ஊற்றுக. இரண்டினையும் வலிய கரைசலாக ஒரே பாத்திரத்திற் கலப்பின், கால்சியமும் மணிச்சத்தும் கூடிச் சுண்ணாம்பு போல் அடியிற் படிந்து ஒன்றுக்கும் உதவாமற் போகும். மக்னீசியம் குறைந்தால் கீழிலைகளின் நரம்பிடைவெளி மஞ்சளாகும். அப்போது எப்சம் உப்பைச் சிறிது கரைத்து ஒருமுறை கொடுத்தாற் போதும். கீழிலை முழுதும் வெளிறினால் தழைச்சத்துக் குறைவு. மேலிலை வெளிறி நரம்பு மட்டும் பச்சையாய் நின்றால் இரும்புச்சத்துக் குறைவு. இவற்றையெல்லாம் வேறுபடுத்தி அறியாது எல்லா மஞ்சளுக்கும் தண்ணீரே மருந்தென்று ஊற்றுவது நம்மவர் வழக்கம்.

தண்ணீரைப்பற்றியே இனி விரித்துரைக்கவேண்டும். பிழைகளிற் பெரும்பாலன இங்கேதான் நேர்கின்றன.

நார்க்கழிவின் மேற்பரப்பு வெயிலும் காற்றும் பட்டவுடன் வெளிறி உலர்ந்து காணும். ஒரு விரற்கடை கீழே அது பிழியப் பிழிய நீர் சொட்டும் நிலையில் இருக்கும். கண்ணை நம்புவோர் மேற்பரப்பைக் கண்டு மீண்டும் ஊற்றுவர். சில நாளில் உள்ளே காற்றுப் புகும் வழியெல்லாம் அடைபட்டு, நாற்றின் தண்டு அடிப்பக்கத்திற் குழைந்து சாயும். இதுவே நாற்றழுகல். ஈரம் ஓயாத தட்டுக்களைச் சுற்றிக் கொசுவினும் சிறிய கருநிற ஈக்கள் மொய்ப்பதைப் பலரும் கண்டிருக்கலாம். அவற்றின் புழுக்கள் நார்க்கழிவினுள் இருந்துகொண்டு இளவேரைத் தின்பவை. வள்ளுவர் உழவு என்னும் அதிகாரத்தில் உழுதலினும் எருவிடுதல் நன்றென்றும், களைகட்டபின் நீர்பாய்ச்சுதலினும் பயிரைக் காத்தல் நன்றென்றும் முறைவகுத்ததை இவர்கள் நினைவுகூர்ந்தால் நன்று. நீரை அவர் முதலில் வைக்கவில்லை.

ஆகவே கண்ணை விடுத்துக் கையை நம்புதல் வேண்டும். விதைத்த தட்டினை முற்றும் நனைத்து, மிகுநீர் வடிந்தபின் இருகையாலும் தூக்கி அதன் கனத்தை மனத்திற் கொள்க. மறுநாட் காலை மீண்டும் தூக்குக. அக்கனம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்த பின்னரே அடுத்த நீர். சித்திரை வெயிலில் ஒரே நாளில் இருமுறையும் வேண்டியிருக்கலாம். ஐப்பசி கார்த்திகை மழையில் இரண்டு நாளைக்கு ஒருமுறையும் மிகையாகலாம். நாட்காட்டியைக் கொண்டோ மணியைக் கொண்டோ இதனை விதித்தல் இயலாது. தொட்டிகளில் வளர்ப்பார்க்கும் இதுவே முறை; தூக்கமுடியாத பெருந்தொட்டியாயின் விரலை ஒரு கணு ஆழம் புதைத்துப் பார்க்கலாம்.

ஊற்றும்போதோ அரைகுறையாய் ஊற்றலாகாது. தினமும் மேலே சிறிது தெளித்துவிட்டுப் போவது நார்க்கழிவிற்கு மிகவும் தீங்கானது. நீர் ஆவியாய்ப் போய்விடும். அதிற் கரைந்திருந்த உப்போ மேலேயே தங்கி நாளுக்குநாள் திரளும். நாற்றின் கழுத்தைச் சூழ வெண்மையான பூப்புத் தோன்றின் அஃது உப்பென்று அறிக. பூவாளியால் மெல்ல ஊற்றி, தட்டின் அடித்துளைகளினின்று நீர் வடியத் தொடங்கும்வரை, அஃதாவது ஊற்றியதிற் பத்திலொரு பங்கேனும் வெளிவரும்வரை ஊற்றுதல் வேண்டும். அவ்வடிநீரே பழைய உப்பை வெளியேற்றுவது. ஆயினும் அதே வடிநீர் ஊட்டத்தையும் அடித்துக்கொண்டு போகின்றது என்பதை நோக்குக. வெறுநீரை நாள்தோறும் வடிய ஊற்றுவாரின் நார்க்கழிவு நல்ல துணியைத் துவைத்தது போற் சுத்தமாகிவிடும். நாற்றுக்கு அதனால் யாது பயன்? யாம் மேலே நீரும் ஊட்டமும் ஒரே வேலையென்றது இதனாலேயே. ஒவ்வொரு முறையும் மெல்லிய உணவு கலந்த நீரே செல்லவேண்டும். வாரத்திற்கு ஒருமுறை மட்டும் வெறுநீரால் அலசிவிடுதல் போதும்.

நேர்மாறான பிழையும் ஒன்றுண்டு. விடுமுறைக்கு ஊர்சென்ற மாணவர் திரும்பி வந்து பார்க்கையில், நார்க்கழிவு முற்றும் உலர்ந்து சுருங்கித் தட்டின் சுவரை விட்டு விலகியிருக்கும். அப்போது ஊற்றும் நீர் அவ்விடைவெளியில் ஓடிக் கீழே வந்துவிடும். வடிந்ததைக் கண்டு நனைந்ததென்று எண்ணுவர். அந்நிலையில் தட்டினை ஓர் அகன்ற பாத்திர நீரிற் சிறிது நேரம் வைத்து, அடியிலிருந்து உறிஞ்சவிடுதலே வழி.

நீரின் தன்மையும் இடத்திற்கு இடம் வேறுபடும். மழைநீரைச் சேமித்து ஊற்றுவோர் கால்சியத்தைத் தவறாது கொடுத்தல்வேண்டும். மழைநீரில் அது சிறிதுமில்லை. சுண்ணாம்புப் பாறைப் பகுதிக் கிணற்றுநீரிற் கால்சியம் தானே நிரம்ப உண்டு. அங்கே அதனை மேலும் கொடுப்பது வீண்செலவு. அந்நீரால் காரத்தன்மை ஏறி இரும்புச்சத்து அகப்படாது போவதே அங்குள்ள தொல்லை. கடற்கரை ஊர்களின் உவர்நீர்க் குழாய்க்கிணறுகளோ சோடியத்தை அள்ளித் தருபவை. அந்நீரை ஊற்றுவதாயின் நார்க்கழிவைக் கழுவியதெல்லாம் பழுதாம். அத்தகைய ஊரில் உள்ளவர் நாற்றுக்கு மட்டுமேனும் குடிநீரைப் பயன்படுத்தலாம். சில தட்டுக்களுக்கு வேண்டுவது ஒரு குடத்திற்கு மேற்படாது.

இரசாயன உரமே கூடாதென்னும் கொள்கையுடைய பழைய மாணவர் பலர் நம்மிடை உளர். அவர்தம் கொள்கையை யாம் மதிக்கின்றோம். ஆனால் பஞ்சகவ்யத்தையும் ஜீவாமிர்தத்தையும் வெறும் நார்க்கழிவில் ஊற்றிவிட்டு மண்ணில் விளைந்த பயனை எதிர்பார்த்தல் பொருந்தாது. அவற்றிலுள்ள சத்தைச் செடி உண்ணும் வடிவாக மாற்றித் தருவன மண்வாழ் நுண்ணுயிர்கள். அழுத்திக் காயவைத்த கட்டியில் அவை அரியன. அன்னார் செய்யத்தக்கது, மட்கிய நார்க்கழிவைப் பயன்படுத்துதல். 1 டன் நார்க்கழிவுக்கு 5 கிலோ யூரியாவும் 5 புட்டி சிப்பிக்காளான் வித்தும் அடுக்கடுக்காய் இட்டு ஈரம் காத்துவரின் சில திங்களில் அது கருத்து மட்கிவிடும். யூரியாவும் ஆகாதெனின் மட்காத நார்க்கழிவோடு மூன்றிலொரு பங்கு நன்கு பக்குவமான மண்புழு எருவைக் கலக்கலாம். எவ்வழியாயினும் ஆகுக. நாற்று உண்ணவேண்டும் என்பதே எமது வாதம். எவர் சமைத்ததை உண்ணவேண்டும் என்பதன்று.

இஃதெல்லாம் கல்லூரி மலரில் எழுதத்தக்க விஷயமோ என்று சிலர் வினவக்கூடும். தக்கதே. தமிழ்நாட்டரசின் தோட்டக்கலைத் துறையார் மாடித்தோட்டம் இடுவார்க்கு நார்க்கழிவுக் கட்டிகள், பைகள், விதைகள், நுண்ணுயிர் உரங்கள் அடங்கிய தொகுப்பினை மானிய விலையில் வழங்கியுள்ளனர். எமக்குத் தெரிந்த வீடுகள் சிலவற்றில் கட்டியும் விதையும் உடனே பயன்பட்டன; உரப் பொட்டலங்கள் அலமாரியில் உறங்கின. திருச்சபைகளில் அறுப்பின் பண்டிகையன்று ஏலமிடும் பொருள்களிடையே இப்பொழுது நார்க்கழிவு நிரப்பிய சிறு சட்டிகளில் நாற்றுக்களும் வரக் காண்கின்றோம். பரிசளிப்பு விழாக்களில் மாலைக்கு மாறாகச் செடி கொடுக்கும் நல்வழக்கமும் பரவிவருகின்றது. வாங்கிச் செல்வோரில் எத்தனைபேருக்கு அச்சட்டியில் மண் இல்லையென்பது தெரியும்? மேலே கைப்பிடி மண் தூவியிருப்பின் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. ஒரு சட்டிச் செடி பட்டால் வீட்டிலுள்ளோர்க்கு வருத்தம், அவ்வளவே. நாற்றங்காலில் நூற்றுக்கணக்கான தட்டுக்களை விலைகொடுத்து வாங்கிய சிறு குடியானவனுக்கோ, வெளிறிய நாற்று வேர்பிடியாமையால் பருவமே தவறிவிடும். அவன் கடன்பட்டு வாங்கியது அந்நாற்று.

ஆதலின் நம் தாவரவியற் பகுதியார்க்கு ஒரு விண்ணப்பம் செய்வாம். கல்லூரித் தோட்டத்திலிருந்து வெளிச்செல்லும் ஒவ்வொரு தட்டோடும் சட்டியோடும் நான்கு வரிகொண்ட தமிழ்ச் சீட்டொன்று செல்லட்டும்: இதில் மண் இல்லை, விதைத்த நாள் இது, உணவு தொடங்கவேண்டிய நாள் இது, அளவு லிட்டருக்கு இவ்வளவு. அச்சீட்டோடு, தாளிற் பொதிந்த இருவகை உரமும் சில கிராம் அளவில் வைத்துக் கொடுப்பின் செலவு தேநீர்க் காசினும் குறைவாகவே ஆகும். அது செய்ய இயலாத ஆண்டில் நாற்றின் தொகையைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம். அதனால் கல்லூரியின் பெயர்க்கு ஓர் இழுக்குமில்லை. நூறு நாற்று வழங்கினோம் என்று அறிக்கையில் எழுதுவதினும், ஐம்பது நாற்றுக் காய்த்தன என்று எழுதுவதையே யாம் விரும்புவோம். விலங்கியல், வேதியியல் மாணவர்க்கும் இதிற் பங்குண்டு. ஊரூராய்ச் சென்று கிணற்றுநீரை எடுத்துவந்து அதன் மின்கடத்துதிறனை அளந்து எழுதிவைத்தல், விடுமுறை நாட்களில் அவர்கள் எளிதிற் செய்யத்தக்கது; கருவியோ சில நூறு ரூபாய்க்குள் கிடைப்பது.

நாற்றைத் தட்டினின்று நிலத்திற்கு மாற்றும் நாளிலும் செவிலியின் பணி முடிந்துவிடுவதில்லை. கரிசல் மண்ணில் நட்ட நாற்றினைச் சுற்றிலும் மண் ஈரமாயிருக்க, வேரைப் பற்றிய நார்க்கழிவு உருண்டை மட்டும் உலர்ந்துபோதல் உண்டு. கரிசலின் இறுகிய நுண்துகள்கள் அதிலுள்ள நீரைத் தம்பால் ஈர்த்துக்கொள்வதே காரணம். எனவே நட்ட முதல் வாரம் பாத்தியை நனைத்தோமென்று அமையாது, ஒவ்வொரு நாற்றின் அடியிலும் தனித்தனியே நீர் ஊற்றுதல் வேண்டும். உருண்டையின் மேற்பகுதி வெளியே தெரியும்படி நட்டால் அது திரிபோல் நீரை மேலே இழுத்துக் காற்றில் விட்டுவிடும். ஒரு விரற்கடை மண்ணால் மூடி நடுக.